பள்ளி வாயிலில் ஓர் எதிர்சேவை



சித்திரைத் திருவிழாவின் ஆரவாரம் ஓய்ந்து, வைகாசி மாதமும் நிறைவை நெருங்கும் வேளையில் தமிழகத்துப் பள்ளிகள் புதிய கல்வியாண்டிற்காகத் திறக்கப்படுகின்றன. மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் வழியில் உள்ள சமயநல்லூரிலும், அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், அந்நாளின் காலை ஒரு திருநாளின் தோற்றத்தைக் கொள்ளும். நெற்றியில் திருநீறும், தோளில் புதிய பையும், கண்களில் சிறிது மருட்சியுமாகக் குழந்தைகள் தொடக்கப்பள்ளியை நோக்கி நடப்பர். சோழவந்தான் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்களுக்கோ, மதுரை நகரத்துக் கட்டட வேலைக்கோ பெற்றோர் விடியற்காலையிலேயே புறப்பட்டுவிடும் இல்லங்களில், அக்குழந்தையின் கையைப் பற்றி வருபவர் தாத்தாவாகவோ பாட்டியாகவோ இருப்பர். ஆதலால் பள்ளித் திறப்பைப் பற்றி இவ்வாரம் முதியோராகிய நம்முடனேயே பேசுவது பொருத்தமாகும்.

மதுரை மக்களுக்கு வரவேற்பின் இலக்கணத்தை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. கள்ளழகப் பெருமாள் அழகர்மலையிலிருந்து புறப்பட்டு வருகையில், அவர் வைகைக்கு வந்து சேரட்டும் என்று நாம் வீட்டில் காத்திருப்பதில்லை. மூன்றுமாவடிக்கே சென்று, கையில் சர்க்கரை நிறைந்த செம்பும் அதில் ஏற்றிய சூடமுமாக நின்று, ‘வாரும் ஐயா’ என்று நெஞ்சார அழைக்கிறோம். எதிர்சேவை என்னும் பெயரே அதன் பொருளைச் சொல்லிவிடுகிறது. வருபவரை அவர் வரும் வழிக்கே சென்று எதிர்கொள்வது அது. வாயிலில் நின்று வரவேற்பது முறைமை. வாயிலைக் கடந்து சென்று வரவேற்பது அன்பு.

இவ்வழக்கம் மதுரைக்குப் புதியதன்று. சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் காட்டும் ஒரு நிகழ்ச்சியை அன்பர்கள் நினைவுகூர வேண்டுகிறேன். பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் விடுத்த வேண்டுகோளை ஏற்று, திருஞானசம்பந்தர் திருமறைக்காட்டிலிருந்து மதுரைக்கு எழுந்தருளினார். புறப்படும்போது அவருடன் இருந்த அப்பர் பெருமான் கலங்கினார். பிள்ளையோ இளையவர், செல்லுமிடத்தில் இருப்போரோ வலியவர், நாளும் கோளும் நன்றாக இல்லை என்று தடுத்தார். நம் வீடுகளில் இன்றும் நாள்தோறும் ஓதப்பெறும் கோளறு பதிகம் அப்பொழுது பிறந்தது. ஒரு குழந்தையை முதன்முறையாக வெளியே அனுப்பும் பெரியவரின் மனக்கலக்கம் எத்தகையது என்பதற்கு அப்பரடிகளே சான்றாவார்.

அந்தப் பிள்ளையை மதுரை எவ்வாறு ஏற்றது? நாட்டின் முதலமைச்சராகிய குலச்சிறையார் அரண்மனையில் அமர்ந்திருக்கவில்லை. எதிர்சென்று, அடியார் கூட்டத்தைக் கண்டவுடன் நிலமிசை வீழ்ந்து வணங்கினார். எழாமல் கிடந்த அவரைச் சம்பந்தர் சிவிகையினின்று இறங்கி வந்து எடுத்தார். பின்னர் வாது நிகழும் அவையில், எதிரே அமர்ந்த பெரியோரின் நடுவே பால்மணம் மாறாத ஒரு பிள்ளையைக் கண்டு மங்கையர்க்கரசியாரின் தாயுள்ளம் துணுக்குற்றது. அவரைத் தேற்றிய பின்னரே சம்பந்தர் வாதில் இறங்கினார். ஒரு நாட்டின் அரசியும் அமைச்சரும் ஓர் இளம்பிள்ளையின் வருகையை இவ்வளவு பெரிதாகக் கொண்டாடிய ஊர் நம் ஊர் என்பதை நாம் மறக்கலாகாது.

இனிப் பள்ளி வாயிலுக்கு வருவோம்.

படித்த குடும்பத்துக் குழந்தைக்குப் பள்ளி என்பது வீட்டின் நீட்சியே. தந்தையும் தாயும் படித்த கதைகளைக் கேட்டு வளர்ந்த அக்குழந்தை ஓரிரு நாள் அழும், பின்னர் பழகிவிடும். ஆனால் தன் தலைமுறையில் முதன்முதலாக எழுத்தறிய வரும் குழந்தையின் நிலை வேறு. அக்குழந்தையைக் காட்டிலும் அதனை அழைத்து வரும் தாய்க்கே அச்சம் மிகுதி. படிவத்தில் என்ன கேட்பார்களோ, எங்கே கையெழுத்திட வேண்டுமோ, ஆசிரியர் ஏதேனும் வினவினால் என்ன சொல்வதோ என்று தயங்கி, அவள் வெளியிலேயே நின்றுவிடுகிறாள். உள்ளே நுழையத் தயங்கிய தாயின் முகத்தைக் குழந்தை பார்த்துக்கொண்டே இருக்கிறது. ‘இது நமக்குரிய இடமன்று’ என்னும் எண்ணம் எழுத்தைக் கற்பதற்கு முன்பே அதன் மனத்தில் பதிந்துவிடக்கூடும். அவ்வாறு பதிந்த குழந்தை இன்று வயிற்றுவலி என்னும். நாளை தலைவலி என்னும். சின்னாளில் அதன் இடம் வகுப்பில் வெறுமையாகிவிடும். முதல் நாள் வாயிலில் கிடைக்கும் ஒரு சொல் ஒரு குழந்தையின் வாழ்நாள் முழுவதையும் திருப்பிவிட வல்லது.

ஒரு வாயிலில் மறுக்கப்படுவது எத்தகையது, வரவேற்கப்படுவது எத்தகையது என்பதை மதுரை நன்கறியும். 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் வரையில், அன்னை மீனாட்சியின் ஆலயத்துள் செல்ல இயலாமல் எத்தனையோ தலைமுறைகள் வெளியே நின்று கோபுரத்தை மட்டுமே தொழுது திரும்பின. அந்நாளில் அ.வைத்தியநாத ஐயர், பின்னாளில் தமிழகத்தின் உள்துறை அமைச்சராக விளங்கிய கக்கன் உள்ளிட்டோரை அழைத்துக்கொண்டு ஆலயத்தினுள் நுழைந்தார். ஆலயத்தின் நிர்வாக அதிகாரியாக இருந்த ஆர்.எஸ்.நாயுடு அவர்களை வரவேற்றார். அம்மை எல்லார்க்கும் அன்னையாகவே என்றும் இருந்தாள். வாயிலில் நின்ற மனிதர் ‘வாருங்கள்’ என்று சொல்ல அத்தனை காலம் பிடித்தது. அவ்வொரு சொல்லின் அருமையை உணர்ந்தவர்கள், பள்ளி வாயிலில் தயங்கி நிற்கும் ஒரு குடும்பத்தைக் கண்டும் காணாமல் போகமாட்டார்கள்.

திறப்பு நாளில் ஆசிரியப் பெருமக்கள் தம்மால் இயன்றதைச் செய்கின்றனர். வாயிலில் கோலமிட்டு, மாவிலைத் தோரணம் கட்டி, சந்தனமும் மலரும் இனிப்பும் தந்து புதிய குழந்தைகளை வரவேற்கும் பள்ளிகள் பல. பாடநூலும் சீருடையும் அரசுப் பள்ளிகளில் விலையின்றி வழங்கப்படுகின்றன. பசித்த வயிற்றோடு எந்தக் குழந்தையும் அமரலாகாது என்னும் எண்ணமும் இம்மண்ணில் நெடுநாளாக வேரூன்றியுள்ளது. 1956-இல் எட்டயபுரத்தில் பெருந்தலைவர் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1982-இல் அது சத்துணவுத் திட்டமாக விரிவடைந்தது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், முதல் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகளுக்கான காலை உணவுத் திட்டம் நம் மதுரை மாநகரின் ஒரு தொடக்கப்பள்ளியிலேயே தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அது மாநிலம் முழுவதிலும் உள்ள அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்தது. உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சாம்பாருமாக அக்குழந்தைகள் உண்பது, நம் கோயில்களில் நிகழும் அன்னதானத்திற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. இப்பக்கத்தைப் படிக்கும் அன்பர்களுள் பலரும் தம் இளமையில் பள்ளியில் வரிசையாக அமர்ந்து மதிய உணவை உண்டவர்களே. அருகில் அமர்ந்தவர் எந்தத் தெருவிலிருந்து வந்தவர் என்று அன்று நம் பசி கேட்டதில்லை.

அரசும் ஆசிரியரும் இவ்வளவு செய்தபின், முதியோராகிய நம்மால் ஆவது யாது என்று சிலர் வினவலாம். நம்மால் மட்டுமே ஆகக்கூடியவை சில உள்ளன.

முதலாவது, நம் நாவைக் காப்பது. பள்ளி திறப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே, குறும்பு செய்யும் பேரனை நோக்கி, “இரு, பள்ளிக்கூடத்தில் போட்டால்தான் நீ அடங்குவாய், வாத்தியாரிடம் சொன்னால் தோலை உரித்துவிடுவார்” என்று கூறுவது நம் தலைமுறையின் வழக்கம். கூறுபவருக்கு அது விளையாட்டு. கேட்கும் குழந்தைக்கோ, தான் செல்லவிருக்கும் இடம் ஒரு தண்டனைக் கூடமாகத் தோன்றிவிடுகிறது. நம் காலத்தில் பிரம்பு இருந்தது உண்மை. இன்றோ, குழந்தைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. கோயிலுக்கு அழைத்துச் செல்லும்போது, ‘சாமி கண்ணைக் குத்தும்’ என்று அச்சுறுத்தி வளர்த்த குழந்தையைக் காட்டிலும், ‘சாமி உன்னைப் பார்க்கக் காத்திருக்கிறது’ என்று சொல்லி வளர்த்த குழந்தையே பக்தியில் நிலைக்கிறது. பள்ளிக்கும் அதுவே பொருந்தும். ‘உனக்காக ஆசிரியர் காத்திருக்கிறார்’ என்று சொல்லி அனுப்புவோம்.

இரண்டாவது, நம் பேரப்பிள்ளையோடு நின்றுவிடாமல் அடுத்த வீட்டுப் பிள்ளையையும் நோக்குவது. நம் தெருவில் முதன்முறையாகக் குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும் குடும்பம் ஒன்று இருக்கலாம். வேலை தேடி வெளியூரிலிருந்து வந்து, தமிழ் நன்கு பேசவும் அறியாத குடும்பமாகவும் அது இருக்கலாம். அன்று காலை அவர்கள் வீட்டு வாசலுக்கே சென்று, ‘வாருங்கள், நாங்களும் அங்கேதான் செல்கிறோம்’ என்று அழைத்துச் செல்வது பெரிய செலவுள்ள செயலன்று. ஐந்து வயது நிறைந்தும் பிறப்புச் சான்று இல்லை என்னும் காரணத்தால் குழந்தையை வீட்டிலேயே வைத்திருப்போர் இன்னும் சிலர் உள்ளனர். வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் தொடக்கக் கல்வியில் சேர்க்கை மறுக்கப்படலாகாது என்று அதே சட்டம் கூறுகிறது. இதனை அவர்களுக்கு எடுத்துச் சொல்லி, தலைமையாசிரியர் முன் உடன் நிற்க ஒரு பெரியவர் இருந்தால் போதும். ஜூன் மாதத்தைத் தவறவிட்ட குடும்பங்களுக்கு விசயதசமித் திருநாள் உள்ளது. அன்று நம் ஆலயங்களில் நெல்லில் அகரம் எழுதுவிக்கும் அதே வேளையில், அரசுப் பள்ளிகளும் மாணவர் சேர்க்கைக்காகத் திறந்திருப்பது வழக்கம்.

மூன்றாவது, பள்ளியின் உள்ளே செல்வது. பள்ளி மேலாண்மைக் குழு என்னும் ஓர் அமைப்பு ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் உண்டு. அதன் உறுப்பினர்களுள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும் என்பதும், மொத்த உறுப்பினர்களுள் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பதும் சட்டத்தின் விதி. குடிநீர், கழிப்பறை, சுற்றுச்சுவர், இடைநின்ற பிள்ளைகள் என எதனையும் அங்கே எடுத்துப் பேசலாம். பிள்ளையைப் பாதுகாத்து வளர்க்கும் பாட்டிமார்க்கும் அங்கு இடமுண்டு. கோயில் திருப்பணிக் கூட்டத்தில் கூரையைப் பற்றியும் தரையைப் பற்றியும் எத்துணை அக்கறையோடு நாம் வாதிடுகிறோம்! அவ்வக்கறையில் ஒரு பகுதியைக் குழந்தைகள் அமரும் கூரைக்கும் தரைக்கும் தருவது அதே திருப்பணியின் தொடர்ச்சியே ஆகும்.

இங்கே குலச்சிறையாரின் வரலாற்றில் மற்றொரு பகுதியையும் சொல்ல வேண்டும். சமயநல்லூர் வட்டாரத்து அன்பர்களுக்கு அது மிக அணுக்கமானது.

புனல் வாதத்தின்போது சம்பந்தர் பாடி வைகையில் இட்ட ஏடு, ஆற்றின் ஓட்டத்தை எதிர்த்துக் கிழித்துக்கொண்டு மேற்கு நோக்கிச் சென்றது. கரையில் நின்றோர் அனைவரும் வியந்து ஆரவாரித்தனர். குலச்சிறையார் ஆரவாரத்தோடு நின்றுவிடவில்லை. குதிரையின்மீது ஏறி, ஏடு செல்லும் வழியெல்லாம் அதனைப் பின்தொடர்ந்து விரைந்தார். ஏடு சென்று ஒதுங்கிய இடம் ஏடகநாதரும் ஏலவார்குழலி அம்மையும் எழுந்தருளியிருக்கும் திருவேடகம். அங்கே அவ்வேட்டினை எடுத்துத் தலைமேல் தாங்கி வந்தார் அவர். மதுரைக்கும் திருவேடகத்துக்கும் இடைப்பட்ட இந்த வைகைச் சமவெளியை அந்தக் குதிரையின் குளம்படிகள் கடந்திருக்க வேண்டும் என்று எண்ணும்போதே நெஞ்சம் சிலிர்க்கிறது.

பிள்ளையை எதிர்கொண்டு வரவேற்றவர், அப்பிள்ளையின் ஏட்டோடு இறுதிவரை ஓடவும் செய்தார். வரவேற்பின் முழுமை இதிலேதான் உள்ளது. முதல் நாள் சந்தனமும் இனிப்பும் தருவது எளிது. ஆடியிலும் ஐப்பசியிலும் மழையிலும் அக்குழந்தையின் ஏட்டைப் பின்தொடர்வதே அரிது. கற்றோர் இல்லாத இல்லத்திலிருந்து வரும் குழந்தையின் ஏடு ஓட்டத்தை எதிர்த்தே செல்ல வேண்டியுள்ளது. வறுமை ஒருபுறம் இழுக்கும். வேலை தேடி ஊர் மாறும் பெற்றோரின் நிலை மறுபுறம் இழுக்கும். கரையிலிருந்து ஒருவர் உடன் வரவேண்டும்.

உடன் வருவது எங்ஙனம்? மாலையில் பிள்ளை வீடு திரும்பியதும், ‘எத்தனை மதிப்பெண்?’ என்று கேளாமல், ‘இன்று என்ன கதை சொன்னார்கள்?’ என்று கேட்கலாம். முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்காக 2022-இல் தொடங்கப்பெற்ற எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பாட்டும் கதையும் விளையாட்டும் பொம்மலாட்டமுமாகவே பாடங்கள் அமைந்துள்ளன. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது நேர்ந்த கற்றல் இழப்பை ஈடுசெய்யவும், எட்டு வயதிற்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருளுணர்ந்து படிக்கவும் அடிப்படைக் கணக்கைச் செய்யவும் அத்திட்டம் வகுக்கப்பட்டது. ‘ஆடிப்பாடிவிட்டு வருகிறான், ஒன்றும் எழுதுவதில்லை’ என்று குறைப்பட்டுக்கொள்ளும் தாத்தாக்கள், திண்ணைப் பள்ளியில் நாமும் வாய்ப்பாட்டை இராகத்தோடு பாடித்தான் கற்றோம் என்பதை எண்ணிப் பார்க்கலாம். கண்பார்வை மங்கியவர்களும் செய்யக்கூடிய ஓர் உதவி உண்டு. பேரப்பிள்ளையிடம் தேவாரப் புத்தகத்தையோ செய்தித்தாளையோ கொடுத்து, ‘எனக்குப் படித்துக் காட்டு’ என்று கேட்பதே அது. தன் படிப்பு இன்னொருவருக்குப் பயன்படுகிறது என்று அறியும் குழந்தை படிப்பை ஒருநாளும் விடாது.

பள்ளி வாசலைத் தம் வீட்டு வாசலாக எண்ணிய ஓர் அம்மையாரைப் பற்றிச் சொல்லி முடிக்கலாம். மதுரையை அடுத்த கொடிக்குளத்தில் நடுநிலைப்பள்ளியை உயர்நிலைப்பள்ளியாகத் தரம் உயர்த்த இடம் தேவைப்பட்டது. அதே ஊரினரும் வங்கி ஊழியருமான ஆயி அம்மாள் என்கிற பூரணம், ஏறத்தாழ ஏழு கோடி ரூபாய் மதிப்புள்ள தமது 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை, மறைந்த தம் மகளின் நினைவாக அப்பள்ளிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தார். 2024-ஆம் ஆண்டு குடியரசு நாள் விழாவில் முதலமைச்சரின் சிறப்பு விருதளித்துத் தமிழக அரசு அவரைப் போற்றியது. தம் மகளை இழந்த ஒரு தாய், ஊர்ப் பிள்ளைகள் அனைவரையும் தம் மக்களாக வரவேற்ற செயல் அது. கோயிலுக்கு மானியம் எழுதிவைத்த முன்னோரின் மரபு இன்னும் வற்றவில்லை என்பதற்கு இதனினும் மேலான சான்று வேண்டுமோ?

நிலம் தருவது எல்லார்க்கும் இயலுவதன்று. ‘வாருங்கள்’ என்னும் சொல்லைத் தருவது எல்லார்க்கும் இயலும். பள்ளி திறக்கும் நாளன்று காலை வழிபாட்டை முடித்த கையோடு, கொஞ்சம் கற்கண்டையோ ஒரு முழம் பூவையோ எடுத்துக்கொண்டு, அருகிலுள்ள தொடக்கப்பள்ளியின் வாயிலுக்குச் செல்லுங்கள். ஆசிரியர்களுக்கு ஒரு வணக்கம் சொல்லுங்கள். தயங்கி ஒதுங்கி நிற்கும் தாய் எவரேனும் இருப்பின் அவர் அருகே சென்று, குழந்தையின் பெயரைக் கேளுங்கள். அப்பெயரைச் சொல்லி அக்குழந்தையை அழைத்து, இருவரையும் உள்ளே கூட்டிச் செல்லுங்கள்.

அங்கயற்கண்ணி உடனாய ஆலவாய் அண்ணலும், ஏலவார்குழலி உடனாய ஏடகநாதரும் அக்குழந்தைகளின் ஏடுகளை எதிர்ப்புனலிலும் கரைசேர்த்தருள வேண்டுவோம். அடுத்த வாரம் சந்திப்போம்.